ஸஃபா: ஒரு தாய் ஓடிய குன்று

"மிஸ், பிள்ளைகளுக்காக நான் இப்படி ஓடித் திரிவது பாவமா?"

இத்தா முடிந்து சில மாதங்களேயான இளம் தாயொருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அதிகாலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரு பிள்ளைகளை வளர்க்கிறார். "அல்லாஹ்வில் பாரத்தைப் போட்டுவிட்டு வீட்டில் இரு" என்பது உறவினர்களின் உபதேசம். நான் அவருக்கு மக்காவிலுள்ள ஸஃபா குன்றை நினைவூட்டினேன்.

நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் அன்னை ஹாஜரையும் பாலகர் இஸ்மாயீலையும் மனித நடமாட்டமற்ற அந்தப் பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றபோது, அன்னையிடம் இருந்தவை ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை தண்ணீரும் மாத்திரமே. இது அல்லாஹ்வின் கட்டளையா எனக் கேட்டார். ஆம் என்றதும், அப்படியாயின் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று கூறித் திரும்பினார். இதுதான் தவக்குல்.

ஆனால் தண்ணீர் தீர்ந்து குழந்தை துடித்தபோது அந்தத் தாய் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அருகிலிருந்த ஸஃபாவில் ஏறி, எவரேனும் தென்படுகிறார்களா எனப் பார்த்தார். இறங்கி, பள்ளத்தில் ஓடி, மர்வாவில் ஏறினார். இவ்வாறு ஏழு தடவைகள். அதன் பின்னரே மலக்கின் மூலம் ஸம்ஸம் ஊற்றெடுத்தது. அதுவும் அவர் தேடி ஓடிய குன்றுகளில் அல்ல, குழந்தை இருந்த இடத்திற்கு அருகிலேயே!

நாம் அதிகம் பேசாத இன்னொரு செய்தியும் உண்டு. பின்னர் வந்த ஜுர்ஹும் கோத்திரத்தார் அங்கு தங்க அனுமதி கேட்டனர். ஹாஜர் சம்மதித்தார். எனினும் தண்ணீரில் அவர்களுக்கு உரிமை இல்லை என்று நிபந்தனை விதித்தார். ஸஹீஹுல் புஹாரியில் இது பதிவாகியுள்ளது. தனித்து நின்ற ஒரு பெண் தன் உரிமையையும் காத்துக்கொண்டார்.

ஸஃபாவும் மர்வாவும் அல்லாஹ்வின் சின்னங்கள் என அல்குர்ஆன் (2:158) கூறுகின்றது. அவற்றைச் சுற்றி வருவது குற்றமில்லை என்ற அவ்வசனத்தைக் கொண்டு, ஸஃயு செய்யாமல் விடலாம் என உர்வா விளங்கியபோது, அவரது சாச்சி ஆயிஷா (ரழி) அவர்களே அதனைத் திருத்தினார்கள். ஜாஹிலிய்யாக் காலப் பழக்கத்தால் தயங்கியவர்களின் தயக்கத்தை நீக்கவே அது இறங்கியது என விளக்கினார்கள்.

ஒரு காலத்தில் இரு குன்றுகளுக்கும் இடையே கடைத்தெரு இருந்தது. 1955இல் ஆரம்பமான விஸ்தரிப்பின்போது அப்பாதை மஸ்ஜிதுல் ஹராமுடன் இணைக்கப்பட்டது. இன்று ஹாஜிகள் கூரையின் கீழ் ஏழு தடவைகள், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பச்சை விளக்குகளுக்கு இடையே ஆண்கள் விரைந்து ஓடுவது ஸுன்னத். பெண்கள் சாதாரணமாக நடந்தால் போதும். ஒரு பெண்ணின் ஓட்டத்தை ஆண்கள் ஓடுகிறார்கள்!

இதைக் கேட்ட அந்தச் சகோதரி கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கும் மாவைக் குழைக்கிறேன் மிஸ்" என்றார்.

சகோதரிகளே! ஹஜ்ஜுக்குச் செல்லும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் நம் அயலில் தன் பிள்ளைகளுக்காக ஓடும் ஒரு தாய் நிச்சயம் இருப்பாள். அவளைக் குறை பேசாமல், அவளிடம் நாலு இடியப்பமாவது வாங்குவோம்.