பெரியம்மாவும் பொய்ப் போலீஸும்

எங்கள் பெரியம்மாவைப் பார்த்தால், கம்ப்யூட்டருக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! மின்சாரக் கட்டணம் கட்டுவது, அமெரிக்காப் பேரனுடன் பேசுவது எல்லாம் அதில்தான். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லமாட்டாள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்கமாட்டாள். பிள்ளை படித்துப் படித்துச் சொன்ன பாடம் அத்தனையும் மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவளைச் சென்ற மாதம் ஒருவன் நாலு மணி நேரம் சிறை வைத்துவிட்டான், அவள் வீட்டுச் சமையலறையிலேயே!

முதலில் டெலிபோன். "உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது." அடுத்து, வீடியோவில் காக்கி உடுப்பு, மேஜைமேல் கொடி. "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். காமிராவை விட்டு நகரக் கூடாது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பணத்தை நாங்கள் சொல்லும் கணக்கில் போடுங்கள். சோதித்துவிட்டுத் திருப்பித் தருவோம்." அடுப்பை அணைக்கக்கூடப் பெரியம்மா அவனிடம் உத்தரவு கேட்டாளாம்!

டெபாசிட்டை எடுக்கப் பாங்கிக்குப் போனாள். பேச்சைத் துண்டிக்காத போன் பைக்குள் இருந்தது. "ஏன் மாமி, கை இப்படி நடுங்குகிறது?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். பெரியம்மா பதில் பேசாமல், சலானின் பின்புறம் 'போலீஸ்' என்று எழிதிக் காட்டினாள். அந்தப் பெண் போனை வாங்கி அணைத்தாள். விலங்கு கழன்றுவிட்டது!

சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்ன விஷயம். பெரியம்மாவும் கேட்டவள்தான். பயத்தில் ஞாபகம் வந்தால்தானே!

நாம் இயந்திரத்துக்குப் பூட்டுமேல் பூட்டாகப் போடுகிறோம். இவன் எந்தப் பூட்டையும் தொடவில்லை. குடும்ப மானத்துக்கு அஞ்சுபவள், காக்கிக்கு மரியாதை கொடுப்பவள், தானே கையெழுத்துப் போட்டுத் தருவாள் என்று அவனுக்குத் தெரியும். 'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான் அவன் கள்ளச் சாவி.

பணம் போய்விட்டால்? உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு பறப்பதற்குள் முந்திக்கொண்டால், வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. 'அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ' என்று நாம் மறைக்கிற ஒவ்வொரு மணியும் திருடனுக்கு லாபம்.

இப்போது வீட்டில் ஓர் ஏற்பாடு. யார் மிரட்டினாலும் பெரியம்மா முதலில் பிள்ளைக்குப் போன் செய்ய வேண்டும். போன வாரம், பாஸ்போர்ட் விசாரணைக்கு நிஜமான போலீஸ்காரர் ஒருவர் வந்தாராம். பாவம், பிள்ளை போனை எடுக்கும்வரை வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம்!