பெயர் மாறிப் போன உயிர்

நெடுஞ்சாலை மனிதர்கள் – 11

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘நிமான்ஸ்’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சூளகிரி பக்கம் லாரி மோதித் தலையில் அடிபட்டவரையும், சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்புகையில் பைக்கிலிருந்து விழுந்த பையனையும் “இங்க வெச்சிருக்க வேணாம், நிமான்ஸ் கொண்டுபோயிடுங்க” என்று டாக்டர் சொன்னதும் ஆம்புலன்ஸ் ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு விரைகிறது. பெங்களூரில் அதே ஓசூர் சாலையின் மேல்தான் அந்த மருத்துவமனை. பிழைத்து வந்தவரை ஊர் ‘செத்துப் பிழைச்சவன்’ என்கிறது, ‘ஆயுசு கெட்டி’ என்கிறது. வேண்டுதலை நிறைவேற்றக் குடும்பம் சந்திரசூடேஸ்வரர் மலையேறுகிறது. நினைவு தப்பிக் கிடந்த நேரத்தில் அவர் எதையாவது கண்டாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் அந்த நிமான்ஸிலேயே இருந்தார். உளவியல் அறிஞர் சத்வந்த் பஸ்ரிச்சா. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனுடன் சேர்ந்து, இறந்துவிட்டதாக நினைக்கப்பட்டுப் பிழைத்த 16 பேரின் அனுபவங்களை அவர் 1986இல் ஆய்விதழில் வெளியிட்டார். எல்லோரும் வட இந்தியர்கள். பின்னர் சன்னபட்டணா பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் இதே கேள்வியைக் கேட்டார்.

அந்தப் 16 பேரில் ஒரு வணிகரின் அனுபவத்தை என்னால் மறக்க முடியவில்லை. கறுத்த தூதர்கள் நால்வர் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே எழுத்தர்கள் முன்னால் புத்தகக் குவியல். புரட்டிப் பார்த்த ஒருவர், ‘நாம் கேட்டது இந்த ஆளை அல்ல, இதே பெயருள்ள குயவரை; இவருக்கு ஆயுள் மிச்சம் இருக்கிறது’ என்கிறார். திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். வணிகருக்கோ திரும்ப மனமில்லை. ‘இங்கேயே எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்’ என்று அந்த எழுத்தர்களிடம் கேட்கிறார்! மஞ்சள் உடையும் வெண்தாடியுமாக உயர்ந்த நாற்காலியில் இருந்த எமராஜனிடமும் தங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். கீழே தள்ளிவிட்டார்கள், கண் விழித்தார். அதே பெயருள்ள குயவர் ஏறக்குறைய அந்த நேரத்தில் இறந்துபோனதாகப் பிறகு தெரிந்துகொண்டாராம்.

வேலை தேடி மூட்டை முடிச்சோடு ரயிலிலிருந்து இறங்குகிறவர்களைத் தினமும் காண்கிற ஓசூர்க்காரனுக்கு, மேலுலகத்திலும் ஒருவன் வேலை கேட்டு நின்றான் என்பது வெறும் செய்தியாகப் படாது.

ரேமண்ட் மூடி என்ற அமெரிக்கர் 1975இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு உலகம் அறிந்த மரண விளிம்பு அனுபவம் வேறு மாதிரி. இருண்ட சுரங்கப் பாதை, அதன் முடிவில் அன்பே உருவான ஒளி, வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடுவது, ‘உன் வேலை இன்னும் முடியவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுவது. அங்கே மனிதன் திரும்புவதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. பஸ்ரிச்சா கேட்ட கதைகளில் பெரும்பாலும் ஆள் மாறாட்டம்தான் காரணம். தவறு திருத்தப்படுகிறது, அவ்வளவே. நீ பிறந்தது இதற்காக என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

ஒரே கடவுள் என்றால் இங்கே எழுத்தர்களோடும் அங்கே ஒளியாகவும் வருவானேன்? பதிலின் ஒரு பாதி நம் மாவட்டத்து வயல்வெளிகளிலேயே நிற்கிறது. ஓசூர் வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் மூன்று அடுக்குகள். கீழே வீரன் போரிட்டு விழுகிறான். நடுவே தேவமகளிர் அவனைத் தூக்கிச் செல்கிறார்கள். மேலே சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். சாவுக்குப் பின் என்ன என்பதை இப்படிக் கல்லிலேயே பார்த்து வளர்ந்த ஊரில், மயங்கிக் கிடப்பவன் மனத்துக்குள் வேறெந்தப் படம் வரும்? காட்சியின் வேடம் அந்தந்த ஊர் தருவது என்றே நான் நினைக்கிறேன். அதனால் காட்சி பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அதை வைத்துக் கடவுளின் நிறத்தையும் உடையையும் முடிவு செய்ய முடியாது.

மருத்துவர்களும் தேடாமல் இல்லை. நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லோமல், 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று உயிர் மீட்கப்பட்ட 344 பேரை ஆராய்ந்து 2001இல் லான்செட் இதழில் எழுதினார். இத்தகைய அனுபவத்தைச் சொன்னவர்கள் 62 பேர், 18 சதவீதம். இதயம் எவ்வளவு நேரம் நின்றது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதற்கும் அனுபவம் வந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நான்கு நோயாளிகளில் இருவரின் மூளையில் கடைசி நேரத்தில் காமா அலைகள் பெருகியிருந்ததை 2023இல் வெளியிட்டார்கள். நால்வருமே இறந்துவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல யாரும் எழுந்து வரவில்லை.

எனக்கு உறுத்துவது மீதி 282 பேர். இது கடவுள் அனுப்பும் செய்தி என்றால், ஒன்றுமே காணாமல் திரும்பியவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? அவர்கள் வாழ்க்கைக்கு நோக்கம் கிடையாதா? ‘எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல’ என்கிற ஃபிட்டருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரும் பிழைத்துத்தான் வந்திருக்கிறார்.

பௌர்ணமிதோறும் பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக கிரிவலக் கூட்டம் திருவண்ணாமலைக்குப் போகிறதே, அவர்களில் பலர் வணங்கும் ரமணருக்கு 1896 ஜூலையில் மதுரையில் நேர்ந்ததும் ஒரு மரண அனுபவம்தான். வயது 16. உடம்புக்கு ஒன்றுமில்லை. திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொள்ள, பிணம்போலக் கைகால்களை விறைத்து, வாயை மூடிக்கொண்டு படுத்தார். இந்த உடல் செத்தால் நான் செத்தேனா என்று தனக்குள் பார்த்தார். எமனும் வரவில்லை, ஒளியுருவும் வரவில்லை. அதன் பிறகு சாப்பாட்டில் ருசி பார்ப்பது நின்றது, சண்டை போடுவது நின்றது. அதுவரை கோயிலில் பெரிய நாட்டமில்லாத பையன், மீனாட்சி சன்னதியிலும் அறுபத்துமூவர் முன்னாலும் கண்ணீர் வழிய நின்றான். கடவுள் அந்த அனுபவத்துக்குள் வரவில்லை, அது முடிந்த பின்னரே வந்தார். ஆறு வாரத்தில் அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

வான் லோமல் தம் நோயாளிகளை 2 ஆண்டு கழித்தும் 8 ஆண்டு கழித்தும் மறுபடி சந்தித்தார். அனுபவம் பெற்றவர்களிடம் சாவு பயம் குறைந்திருந்தது, பிறர்மேல் பரிவு கூடியிருந்தது. இரண்டாம் ஆண்டைவிட எட்டாம் ஆண்டில் அது தெளிவாகத் தெரிந்தது. எதுவும் காணாதவர்களும் அந்த எட்டாண்டில், குறைவாகவேனும், மாறியிருந்தார்கள். கடவுளைப் பற்றியும் வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றியும் இந்த ஆய்வுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அது மெல்ல நடக்கிற மாற்றம். பக்கத்தில் இருப்பவர்கள் இடம் கொடுக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஐ.சி.யூ.விலிருந்து வீட்டுக்கு வந்தவர் “அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தால், “அதெல்லாம் இப்ப எதுக்குப்பா, கம்முனு படு” என்று அடக்கிவிடுகிறோம். தலையில் அடிபட்டதில் உளறுகிறார் என்று அக்கம்பக்கம் பேசும். கம்பெனியில் தெரிந்தால் மெஷினில் நிறுத்த மாட்டார்கள் என்று வீட்டார் பயப்படுவார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் எழுந்துவிடாமல் இருங்கள்.

(தொடரும்)