முட்டுச் சிரட்டை நழுவினா என்ன செய்யணும்?

போன மாசம் நாகர்கோவில் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிற அத்தை பையன் கால்முட்டு வீங்கிப் படுத்திருந்தான். ஃபுட்பால்ல சட்டுன்னு திரும்பும்போது, "சிரட்டை வெளிய போயிட்டு உள்ள வந்துச்சுண்ணே"ன்னான். வீட்டுல யாரும் நம்பலை. "சுளுக்குதான் மக்கா, ஆசான் தடவினா சரியாயிரும்"னு அத்தை சொல்லிட்டாங்க.

ஆனா அவன் சொன்னதுதான் சரி.

முட்டுச் சிரட்டை, தொடை எலும்போட நுனியில இருக்கிற ஒரு பள்ளத்துல மேலும் கீழும் ஓடுது. காலை நல்லா மடக்கினா பள்ளமே அதைப் பிடிச்சுக்கும். முதல் 20, 30 டிகிரி வரை அந்தப் பிடி குறைவு. அப்போ உள்பக்கமா இழுத்துப் பிடிக்கிறது எம்பிஎஃப்எல்ங்கிற ஒரு லிகமென்ட். பாதம் தரையில ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினா, அது கிழிஞ்சு சிரட்டை வெளிப்பக்கம் நழுவிரும். பிறவியிலேயே பள்ளம் ஆழமில்லாதவங்களுக்கும், சிரட்டை சற்று மேல இருக்கிறவங்களுக்கும் இது சுலபமா நடக்கும்.

சிக்கல் என்னன்னா, காலை நீட்டினதும் பெரும்பாலும் அது தானா உள்ள வந்துரும். டெஸ்டர் பார்க்கும்போது மட்டும் வராத பக் மாதிரி! எக்ஸ்ரேல எல்லாம் சரியாத் தெரியலாம். அதனால பையன் சொல்றதுதான் முதல் ஆதாரம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் சிரட்டையை மெதுவா வெளிப்பக்கம் தள்ளினார். பயந்துபோய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டான். அந்தப் பயமே ஒரு டெஸ்ட். அடுத்தது எம்ஆர்ஐ: லிகமென்ட் கிழிஞ்சிருக்கா, குருத்தெலும்புத் துண்டு உடைஞ்சு உள்ள கிடக்கான்னு பார்க்க. துண்டு இருந்தா ஆபரேஷன் தேவைப்படலாம். அது தெரியாம தடவுறதுதான் ஆபத்து.

முதல் தடவை நழுவி, துண்டு எதுவும் இல்லைன்னா, பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். சில வாரம் பிரேஸ், அப்புறம் தொடைக்கும் இடுப்புக்கும் பிசியோதெரபி. திரும்பத் திரும்ப நழுவினா, தொடையோட பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது லிகமென்ட் அமைப்பாங்க. வளர்ற பசங்களுக்கு எலும்பு வளர்ச்சித் தட்டுல கை படாம செய்யணும். எலும்பை வெட்டி நகர்த்துற ஆபரேஷனை வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடுவாங்க.

சின்ன வயசுல முதல் தடவை நழுவினவங்களுக்கு மறுபடி நழுவுற வாய்ப்பு அதிகம். அதனால காலண்டரைப் பார்த்து கிரவுண்டுக்குத் திரும்பக் கூடாது. ஒத்தக்கால்ல குதிச்சா ரெண்டு காலும் சமமா நிக்கணும், பயமும் போயிருக்கணும்.

அவனுக்குத் துண்டு எதுவும் இல்லை. ஆனா இந்த சீசன் மேட்ச் போச்சு. "அடுத்த வருஷம் ஆடலாம்ல?"ன்னு கேட்டான். ஆடலாம்டே, எக்சர்சைஸை மட்டும் விட்டுராத.