கொக்கரே பெள்ளூரில் ஒரு பகல்

மத்தூருக்கு எத்தனை ஆயிரம் பயணச்சீட்டுகளை நம் கையால் கொடுத்திருப்போமோ, கணக்கில்லை. ஆயினும் அந்நிலையத்தில் இறங்கி வெளியே செல்லும் வாய்ப்பு சென்ற தை மாதம் வரையில் நமக்குக் கிட்டவில்லை. பொங்கல் கழிந்த மறு ஞாயிறன்று, நண்பர் மூவரும் நாமுமாக நால்வர், கொக்கரே பெள்ளூர் என்னும் சிற்றூரில் பறவைகள் கூடு கட்டியிருப்பதைக் காணப் புறப்பட்டோம். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் லேத் வேலை செய்பவர். மூன்றாமவர் மளிகைக் கடைக்காரர். "பறவையைப் பார்க்க எண்பது கிலோமீட்டரா? நம் அல்சூர் ஏரியில் இல்லாத பறவையா?" என்று மளிகைக்காரர் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இராமநகரத்துப் பாறைகள் பனியில் பாதி மறைந்திருந்தன. சென்னபட்டணம் கடந்தது. மத்தூரில் இறங்கியதும் அவ்வூர் வடையை உண்ணாமல் அப்பால் செல்லலாகாது என்பது எழுதாத சட்டம். நாமும் அதற்குக் கீழ்ப்படிந்தோம். பிறகு ஆட்டோ ஒன்றை அமர்த்திக்கொண்டு, கரும்பு வயல்களினூடே சென்றோம்.

பறவைச் சரணாலயம் என்றவுடன் ஏரியும் கோபுரமும் நுழைவுச் சீட்டும் நம் மனக்கண்ணில் தோன்றும். இங்கே அவ்விதம் ஒன்றுமில்லை. சாதாரணமான கிராமத் தெரு, திண்ணை, எருமை, துணி உலர்த்தும் கொடி. அண்ணாந்து பார்த்தால் வீட்டுக் கூரைக்கு மேலேயே புளிய மரத்தில் கூழைக்கடாக்கள் அமர்ந்திருக்கின்றன! இறக்கை விரித்தால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம் வரும் அப்பெரும் பறவை, சுள்ளிக் கூட்டின்மேல் காலூன்ற இடம் தேடித் தள்ளாடுவதைக் கண்டபோது நமக்கே மூச்சு முட்டிற்று. அடுத்த மரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள். மார்பில் கறுப்புப் பட்டை, வாலருகே ரோஜா நிறம். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் இல்லையென்றே சொல்லலாம். அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்கின்றன. ஊரை நிறைக்கும் இரைச்சலெல்லாம் குஞ்சுகளுடையது. பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கிச் சென்றிருந்தோம். அது உறையை விட்டு வெளிவரவேயில்லை.

ஆசிரியர் தம் வழக்கப்படி, "இவை சைபீரியாவிலிருந்து வருபவை" என்று தொடங்கினார். அங்கு நின்ற இளைஞர் ஒருவர் பணிவுடன் அவரைத் திருத்தினார். இவ்விரு இனமும் நம் நாட்டுப் பறவைகளே. மழை முடிந்து ஏரிகளில் மீன் மிகுந்திருக்கும் காலத்தில் இங்கு வந்து முட்டையிட்டு, குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் தென்னாட்டு நீர்நிலைகளெங்கும் பிரிந்து சென்றுவிடுகின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தைக் காண வேண்டுமாயின், மைசூர்ப் பக்கத்து ஹதினாரு ஏரிக்குச் செல்ல வேண்டுமாம். ஆசிரியர் இதனைக் குறித்துக்கொண்டார்; அதுவே அவரிடம் நமக்குப் பிடித்த குணம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கன்னடத்தில் கொக்கரே என்பது நாரை. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரம் பெறும். நம் வெள்ளி அங்கே பெள்ளி. ஆகவே பெள்ளூரை வெள்ளூர் என்று சொல்லிப் பார்த்தோம். இனிமையாகத்தான் இருந்தது.

இவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்று உண்டு. முன்பு ஊர் சிம்ஷா ஆற்றங்கரையை ஒட்டி இருந்ததாம். பிளேக் நோய் வந்து மக்கள் இடம் பெயர்ந்தபோது, பறவைகளும் பழைய மரங்களை விட்டு அவர்களுடன் வந்துவிட்டனவாம். நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும் மக்களே காவலர்கள். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டி, 1798ஆம் ஆண்டளவில் கலெக்டர் பிளேஸ் என்பவரிடம் உரிமைப் பட்டயம் பெற்றவர்கள் அவர்கள். ஆயின் அங்குக் கூடுகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில். இங்கோ தனியார் கொல்லையில், பட்டா நிலத்து மரங்களில். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

மளிகைக்காரர் ஒரு மரத்தடியில் வெகுநேரம் நின்றார். அவர் பார்த்தது பறவையை அன்று, புளியை. "பூவும் காயும் எச்சத்தில் வெந்துவிடும். கொம்பில் ஏறி உலுக்கவும் முடியாது. பெரிய மரம், என்ன நஷ்டம் தெரியுமா?" என்றார். திண்ணையில் இருந்த மூதாட்டியே அம்மரத்துக்கு உரியவர். நாம் கன்னடத்தில், "அஜ்ஜி, இவர் கேட்பது நியாயந்தானா?" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளிடம் சோற்றுக்கு யாரப்பா கணக்குப் பார்ப்பார்கள்?" என்றார். மரத்தடியில் குழி வெட்டி, விழும் எச்சத்தை ஏரி வண்டலோடு சேர்த்து வயலுக்கு உரமாக இடுவதும் உண்டாம். புளிக்கு ஈடாக வனத்துறை ஒரு தொகையும் தருகிறது. 2007இல் இவ்வூர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்க 'ஹெஜ்ஜார்லே பளக', அதாவது கூழைக்கடா நண்பர் குழு, என்ற பெயரில் ஊர் இளைஞர்கள் கூடியிருக்கின்றனர்.

இத்தனை இருந்தும் இடர் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டின் முடிவிலும் 2018இலும் வயிற்றுப் புழுவினால் கூழைக்கடாக்கள் பல இங்கே மாண்டன. புழு வந்தது மீன் வழியாக என்கின்றனர். ஊரார் எவ்வளவு அன்பு காட்டினாலும், பறவை உண்பது எங்கோ பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏரி மீனையல்லவா?

அஜ்ஜியிடம் விடைபெறும்போது மற்றொன்றும் தெரிந்தது. அவர் மகன் பெங்களூரில் வேலையாயிருக்கிறார். கொல்லையில் மாடி வீடு கட்ட வேண்டும். இரண்டு மரங்களில் ஒன்றை எடுத்தாலன்றி அடித்தளம் போட முடியாது. மகனையும் குறை சொல்வதற்கில்லை. மருமகளும் பேரப் பிள்ளைகளும் வந்தால் தங்குவதற்கு இருப்பது ஓர் அறைதான். "ஆனி மாதம் வரை கோடரி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். குஞ்சுகள் பறந்து போகட்டும், பிறகு பார்ப்போம்" என்றார். எந்த மரம் என்று கேட்டோம். அவர் கை காட்டவில்லை.

மளிகைக்காரர் மரத்தைச் சுற்றி வந்து, கைத்தடியால் நிலத்தை அளந்து, "தூணை இரண்டு முழம் தள்ளிப் போட்டால் என்ன?" என்று கேட்டார். லேத் நண்பரும் குனிந்து அளந்தார். கொத்தனாரிடம் கேட்கச் சொல்லி, ஒரு தாளில் கோடு கிழித்து அஜ்ஜியிடம் கொடுத்தனர். அவர் அதனை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பொழுது ஒரு கூழைக்கடா தன் பங்கைச் சரியாக மளிகைக்காரர் தோளில் இட்டது. மத்தூர் வரை அவர் பேசவில்லை.

சங்கத்து அன்பர்கள் குடும்பத்துடன் செல்ல விரும்பினால் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. உணவு கட்டிக்கொண்டு செல்லுங்கள், குழந்தைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொப்பி அவசியம். நாம் ஆனி மாதத்தில் மறுபடியும் செல்வதாக இருக்கிறோம். அப்பொழுது பறவைகள் இரா. மரங்களை எண்ணிவிட்டு வரலாமென்றுதான்.