குறைந்த செலவில் ஒரு விளையாட்டுக் கணிப்பொறி

நம் சங்கக் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் பலரும் இப்போது கேட்பது, கேம் விளையாட ஏற்ற ஒரு கம்ப்யூட்டர். பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டினால், ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும். என் பேரனுக்காக மானிட்டர் நீங்கலாக 60,000 ரூபாய் ஒதுக்கியபோது நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஓய்வூதியத்திலிருந்து செலவு செய்யும் அன்பர்களுக்கு இது உதவக்கூடும்.

எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும், தண்டவாளமும் பாலமும் தாங்கும் வேகத்தில்தான் ரயில் ஓடும். கணிப்பொறியும் அப்படியே. ஒரு பாகத்தில் மட்டும் பணத்தைக் கொட்டினால் பயனில்லை.

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். ஃபுல் எச்.டி. திரையில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் இதைப் போல நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறையாவது தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. குறைந்த பட்ஜெட்டுக்கு ஃபுல் எச்.டி. போதும்.

அடுத்தது அந்தக் கார்டு. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை, அதாவது 20,000 முதல் 24,000 ரூபாய் வரை இதற்கே ஒதுக்கலாம். 2021இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டும், 2022இல் வந்த ரைசன் 5 5600 பிராசசரும் அளவான ஜோடிக்கு ஓர் எடுத்துக்காட்டு. அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால், கிராபிக்ஸ் வசதி உள்ளேயே அமைந்த பிராசசரை வாங்கிச் சிறிய கேம்களோடு தொடங்கி, கார்டைப் பிறகு சேர்க்கலாம். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் இந்த வசதி இல்லை என்று பொருள்.

ராம் 16 ஜி.பி. வேண்டும். ஒரே 16 ஜி.பி.யாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி.யாக வாங்குங்கள், இரட்டைத் தண்டவாளம் போட்டதுபோல் தகவல் போக்குவரத்து வேகமாகும். டி.டி.ஆர். 4 ராம், டி.டி.ஆர். 5 மதர்போர்டில் பொருந்தாது. 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியதால், வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடைகளில் விசாரிப்பது நல்லது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள்.

இனி எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாகவும் அதற்குக் குறைவாகவும் மாற்றித் தருவது இதுதான். ஒரு கடையில் இதன் விலையைக் குறைத்து, மிச்சத்தில் வண்ண விளக்கு கேபினெட் வாங்கச் சொன்னார்கள். நான் இசையவில்லை. தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். கணக்கு எளிது: மேற்சொன்ன கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு அதிகபட்சம் 90 வாட் அளவு, மற்றவற்றுக்கு 50 வாட். ஆக 272 வாட். நல்ல நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் தாராளம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாததற்கு அடையாளமே தவிர, முழுத் தரச் சான்றிதழ் அன்று. வாரண்டி எத்தனை ஆண்டு என்றும் பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் சித்திரை, வைகாசியிலும் துலா மழைக் காலத்திலும் இடி மின்னல் அதிகம் என்பது நாம் அறிந்ததே. வீட்டு எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். இடி கேட்கும் முன்பே, வானம் இருண்டதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இன்டர்நெட் கேபிளையும் மறக்காமல் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

இப்படிச் சேர்த்த பொறியில் பிள்ளைகள் கேம் மட்டுமல்ல, நாளை இன்ஜினியரிங் டிராயிங்கும் போடலாம். கேபினெட் எளிமையாக இருக்கட்டும். பணம் உள்ளே இருக்கும் பாகங்களுக்குப் போகட்டும்.