பள்ளி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென 1893-இல் ஆணை பிறப்பித்தது. மறு ஆண்டு, 1894-இல், அடையாற்றில் கர்னல் ஹென்றி ஆல்காட் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் அரசு ஆய்வாளர் தேர்வு நடத்திப் பள்ளிகளை அளந்தார். பல பள்ளிகளுக்குத் தேர்வு முடிவே மானியத்தைத் தீர்மானித்தது. பள்ளி அரசுக்குக் கணக்குக் காட்டியது; நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டியது. பிள்ளையை அனுப்பிய சேரிப் பெற்றோருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

நூற்றாண்டு கடந்தும் இந்த வழக்கம் முழுதாக மாறவில்லை. அரைநாள் கூலியை இழந்து பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லும் தாய், "உங்க பிள்ளைக்குப் படிப்பு ஏறலை" என்ற ஒற்றை வரியுடன் திரும்புகிறார். பள்ளியின் தோல்வி குழந்தையின் மீதும், குழந்தையின் சாதி மீதும், குடிசையின் மீதும் எழுதப்படுகிறது. சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறானது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. இதன் அட்டவணை பள்ளிக்கான தரங்களை வரையறுக்கிறது. தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். ஆண்டுக்குத் தொடக்க வகுப்புகளுக்கு 200 வேலைநாள்கள், மேல்வகுப்புகளுக்கு 220. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் குழந்தையின் மதிப்பெண்ணை மட்டும் கேள்வி கேட்பது நியாயமாகாது.

24-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. பெற்றோரை முறையாகக் கூட்டி, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் கடமையே. தவறினால் ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமுண்டு. ஆகவே "படிப்பு ஏறவில்லை" என்று கேட்கும் பெற்றோர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி இது: "எப்போது மதிப்பிட்டீர்கள்? என்ன கூடுதல் பயிற்சி கொடுத்தீர்கள்?"

செய்தித்தாள்களில் வரும் தேசிய அடைவு ஆய்வு போன்ற அளவீடுகளைக் குறித்தும் தெளிவு வேண்டும். அவை மாதிரிப் பள்ளிகளைக் கொண்டு மாவட்டத்தின், மாநிலத்தின் நிலையைக் காட்டுபவை. நம் தெருப்பள்ளியில் நம் குழந்தை தமிழில் ஒரு பத்தியைப் படிக்கிறதா என்பதை அவை சொல்லா. அதை அறியும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு.

21-ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பங்கு. தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் நிதிச் செலவைக் கண்காணிப்பதும் குழுவின் பணிகள். நம் மக்களின் பெயர் பட்டியலில் இருந்து, கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டால் அது பிரதிநிதித்துவம் அல்ல.

வரம்புகளையும் மறைக்கக் கூடாது. உதவிபெறும் பள்ளிகளில் குழுவுக்கு ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டுமே. உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்குக் குழுவே கட்டாயமில்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் பொருந்தும் இடத்தில் செய்ய வேண்டியவை எளியவை. கேள்வியை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். பதில் இல்லையெனில் 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் புகார் அளியுங்கள். அது 3 மாதங்களுக்குள் முடிவெடுக்க முயல வேண்டும். முடிவில் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அரசுப் பள்ளியின் பணியிட விவரம், குழுவின் கூட்டக் குறிப்பு, செலவுக் கணக்கு ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

கல்லூரி மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. உங்கள் பகுதியில் அடுத்த குழுக் கூட்டத்துக்குச் செல்லும் தாயோடு அமர்ந்து, அவருடைய கேள்விகளை அவருடைய சொற்களிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளுக்குப் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும்.