விலகி நிற்கும்போது வளரும் அச்சம்

சமூகப் பதற்ற நோயும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும்

"கை நடுங்குகிறது, தைராய்டு கோளாறாக இருக்குமோ?" என்னும் ஐயத்துடன் மருத்துவமனைக்கு வருவோரில் சிலர், பரிசோதனை முடிவுகள் யாவும் இயல்பாக இருப்பதறிந்து எங்கள் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுகின்றனர். அமைதியாக விசாரித்தால், அவர்களுக்குத் தனித்திருக்கையில் நடுக்கம் இல்லை என்பது தெரியவரும். வங்கியில் பிறர் பார்க்கக் கையெழுத்திடும்போதும், திருமணப் பந்தியில் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதும், வகுப்பில் எழுந்து நின்று பேசும்போதும் மட்டுமே அது வருகிறது. பிறர் தம்மைக் கவனித்துத் தாழ்வாக மதிப்பிடுவர் என்ற அச்சமே இதன் வேர். இதனைச் சமூகப் பதற்ற நோய் என்கிறோம்.

கூச்சமும் நோயும்

கூச்ச சுபாவம் நோயன்று. கூச்சமுடையவர் புதிய இடத்தில் சிறிது நேரம் ஒதுங்கியிருந்து, பின்னர் இயல்பாகிவிடுவார். அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையும் பணியையும் உறவையும் குலைக்கும்போதே அதனை நோயாகக் கருதுகிறோம். 1966இல் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்னும் மருத்துவர்கள் பிற அச்ச நோய்களிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டினர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

இந்நோய் பெரும்பாலும் 13 வயதளவில், பதின்பருவத்தின் தொடக்கத்தில் தலைகாட்டுகிறது. ஆயினும் "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால், பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக மருத்துவரை அணுகுவதில்லை. அதற்குள் நேர்முகத் தேர்வுக்குச் செல்லாமல் ஒரு வேலை கைநழுவியிருக்கும். வாய்மொழித் தேர்வுக்கு அஞ்சி ஒரு படிப்பு இடையில் நின்றிருக்கும். கூட்டத்தை எதிர்கொள்ளும் துணிவுக்காக மதுவை நாடி, இரண்டாவது நோயொன்றையும் சேர்த்துக்கொண்டவர்களும் உள்ளனர்.

அச்சம் ஏன் தானாகக் குறைவதில்லை?

இக்கேள்விக்கு டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் உளவியல் அறிஞர்கள் 1995இல் தெளிவான விளக்கம் தந்தனர். அஞ்சுகின்ற இடத்தில் ஒருவரது கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தம்மீதே திரும்பிவிடுகிறது. படபடப்பையும் வியர்வையையும் உணர்ந்து, தாம் உணர்வது முழுவதும் பிறருக்குத் தெரிவதாக அவர் முடிவு செய்கிறார். உடனே தம்மைக் காத்துக்கொள்ளச் சில தற்காப்புப் பழக்கங்களை மேற்கொள்கிறார்: குவளையை இறுகப் பிடித்தல், கண்ணைப் பார்க்காதிருத்தல், பேச வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தல் போன்றவை.

இப்பழக்கங்களே அவருக்குப் பகையாகின்றன. இறுகப் பிடித்த கை மேலும் நடுங்குகிறது. கண்ணைப் பார்க்காதவரைத் தலைக்கனம் பிடித்தவர் எனப் பிறர் எண்ணக்கூடும். ஒன்றும் நேராதபோதும், "இறுகப் பிடித்ததால் தப்பினேன்" என்றே மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. முற்றிலும் விலகி நிற்பவருக்கோ, தம் அச்சம் மெய்யா பொய்யா எனச் சோதித்தறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

சிகிச்சையில் நடப்பது என்ன?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அந்த வாய்ப்பைப் படிப்படியாக ஏற்படுத்தித் தருகிறது. வழக்கமாக வாரம் ஒருமுறையாக 14 முதல் 16 அமர்வுகள், ஏறத்தாழ நான்கு மாதங்கள் நடைபெறும். முதலில் அஞ்சும் சூழல்களை எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்துகிறோம். நடத்துநரிடம் நிறுத்தம் குறித்துக் கேட்பது முதற்படியாகவும், கூட்டத்தில் பேசுவது இறுதிப்படியாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு படியும் ஒரு சோதனை. எடுத்துக்காட்டாக, கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்ப வேண்டும். "கடைக்காரர் ஏசுவார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பர்" என்ற எதிர்பார்ப்பையும், அதில் தமக்குள்ள நம்பிக்கை நூற்றுக்கு எவ்வளவு என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். தற்காப்புப் பழக்கங்களைக் கைவிட்டு, கவனத்தை எதிரில் இருப்பவர்மீது வைத்துச் செய்து முடித்தபின், நடந்ததை எழுத வேண்டும். பெரும்பாலும் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சில வேளை கடைக்காரர் முகம் சுளிக்கவும் கூடும். அதுவும் பயனுள்ள பாடமே. அச்சுளிப்பு சில நொடிகளில் மறைந்ததையும், அதைத் தம்மால் தாங்க முடிந்ததையும் அவர் நேரில் காண்கிறார். சிலருக்கு, பேசுவதைக் காணொளியாகப் பதிவு செய்து காட்டுகிறோம். தாம் கற்பனை செய்த நடுக்கம் திரையில் அவ்வளவாகத் தென்படாதது கண்டு அவர்கள் வியப்பர்.

2014இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பொன்று 101 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 13,000க்கும் மேற்பட்டோரையும் கணக்கில் கொண்டது. தனிநபருக்கு அளிக்கப்படும் இச்சிகிச்சையே முதல் தேர்வுக்கு உரியது என அது முடிவு கூறியது. மருந்துகளும் பயன்தருவன, அவை பலன்தரச் சில வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தலாகாது. படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனோலால் மாத்திரையை மருந்துக்கடையில் தாமாக வாங்கி உண்ண வேண்டா. ஆஸ்துமா உள்ளவர்க்கு அது ஆபத்தாகும்.

குடும்பத்தினருக்கு

"உங்கள் பெயர் என்ன?" என்று நோயாளரை நாங்கள் வினவும்போது, அருகிலிருக்கும் தாயோ தமையனோ முந்திக்கொண்டு விடை கூறுவதுண்டு. அன்பினால் செய்வதே எனினும், பிள்ளைக்காகப் பேசுவதும், தொலைபேசியை வாங்கிப் பதில் சொல்வதும் விலகலுக்குத் துணைசெய்கின்றன. மறுபுறம், உறவினர் முன்னிலையில் "பேசு, பேசு" என வற்புறுத்துவதும் தீங்கே. ஒரு வினாவுக்குப் பத்து நொடி பொறுத்திருங்கள். எந்த உதவியை எப்போது குறைப்பது என்பதை நோயாளருடனும் எங்களுடனும் கலந்து முடிவு செய்யுங்கள். அவர் எடுத்துவைக்கும் சிறு படியையும் பாராட்டுங்கள், பிறரோடு ஒப்பிடாதீர்கள்.

முதல் அடி

இந்நோய் உள்ளவர்க்கு மருத்துவமனைக்கு வருவதே கடினம் என்பதை நாங்கள் அறிவோம். காத்திருப்புக் கூடத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படுவதும் அச்சம் தரலாம். அத்தகையோர் பதிவு செய்யும்போதே அதைத் தெரிவிக்கலாம். பேச இயலாதெனில், தாம் தவிர்த்துவரும் சூழல்களை ஒரு தாளில் எழுதி வந்து எங்களிடம் கொடுத்தாலே போதும். நேரில் வரும் துணிவு இன்னும் வரவில்லையெனில், 14416 என்ற எண்ணில் இந்திய அரசின் டெலி-மானஸ் சேவையைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.